ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோம் தியேட்டர் அமைப்பவர்களில் பலர் ஸ்பீக்கரைக் காதால் கேட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு வசனம் தெளிவில்லை, சத்தம் கூட்டினால் காது கூசுகிறது, படம் பாதியில் ஓடும்போது ரிசீவர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய பெட்டி) தானே அணைந்துவிடுகிறது என்று வரும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அந்த ஒற்றை எண்ணை நம்பியதில் இருக்கிறது. கீழே உள்ள விடைகள் எந்த அறைக்கும் எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. கணக்கு வரும் இடங்களில் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் எதை வாங்க வேண்டும், ஸ்பீக்கரையா ஆம்ப்ளிஃபயரையா?

ஸ்பீக்கரைத்தான். நாம் கேட்கும் ஒலியின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும், அது வைக்கப்பட்டிருக்கும் அறையும். சரியாக வடிவமைக்கப்பட்ட இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் தம் திறனுக்கு உட்பட்டு இயங்கும் வரை அவற்றுக்கிடையே காதுக்குப் புலப்படும் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு வெளிப்படுவது திறனின் எல்லையைத் தொடும்போதுதான். அந்த எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதன் உணர்திறன் (இரண்டுக்கும் விளக்கம் கீழே), நீங்கள் உட்காரும் தூரம் ஆகிய மூன்றும் சொல்லிவிடும். ஆகவே ஸ்பீக்கர் முடிவாகாமல் ஆம்ப்ளிஃபயரைத் தேடுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பானது.

ஏவி ரிசீவர், இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர், பவர் ஆம்ப்ளிஃபயர் இவற்றுள் எனக்கு எது தேவை?

ஏவி ரிசீவர் என்பது எச்டிஎம்ஐ இணைப்புகள், டால்பி, டிடிஎஸ் ஒலித்தடங்களைப் பிரித்தெடுக்கும் பகுதி, அறைக்கேற்ற ஒலித்திருத்தம், எல்லாச் சேனல்களுக்குமான ஆம்ப்ளிஃபயர் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் கொண்டது. இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் பொதுவாக இரண்டு சேனல் இசைக்கானது. பவர் ஆம்ப்ளிஃபயர் ஒலித்தடத்தைப் பிரிக்காது, ஒலி அளவைக் கட்டுப்படுத்தாது. வரும் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. படம் பார்ப்பதுதான் முதன்மை நோக்கம் என்றால் ஏவி ரிசீவரிலிருந்து தொடங்குவதே சரி. பவர் ஆம்ப்ளிஃபயர் யாருக்குத் தேவை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று எழுதியிருப்பதன் பொருள் என்ன?

அது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் ஒரு நிலையான அளவு அல்ல என்பது. ஒரே ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸில் 20 ஓமும், 150 ஹெர்ட்ஸில் 4 ஓமும், 2,000 ஹெர்ட்ஸில் 12 ஓமும் காட்டலாம். பெயர்ப்பலகையில் இருப்பது இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கொடுத்த ஒரு சுருக்கப் பெயர். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதிப்படி, குறைந்தபட்ச இம்பீடன்ஸ் அறிவித்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. அப்படியானால் 8 ஓம் ஸ்பீக்கர் 6.4 ஓமுக்கும், 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 ஓமுக்கும் கீழே இறங்கக் கூடாது. நடைமுறையில் 8 ஓம் என்று விற்கப்படும் ஸ்பீக்கர்கள் பல, பாஸ் எனப்படும் தாழ்வொலிப் பகுதியில் 4 ஓமை ஒட்டி இறங்குகின்றன. எனவே விவரக்குறிப்பில் குறைந்தபட்ச இம்பீடன்ஸ் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காணலாம். ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் கொடுப்பதாகக் கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து 50 வாட் கிடைக்கும். அதே 20 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கரில் 5 ஆம்பியரைப் பாய்ச்சி 100 வாட் ஆகிவிடும். ஒலி அளவுக் கைப்பிடியைத் திருப்பாமலேயே ஆம்ப்ளிஃபயரின் சுமை இரட்டிப்பாகிறது. அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைக் கொடுக்க டிரான்ஸ்பார்மருக்கும், அதனால் வரும் சூட்டைத் தாங்க அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கும் வலு இருக்க வேண்டும். வோல்ட்டைக் கொடுப்பது எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் எளிது. ஆம்பியரைக் கொடுக்கும்போதுதான் அதன் உள்ளுறுதி தெரியும்.

பெயர்ப்பலகை அழிந்துபோன பழைய ஸ்பீக்கர் என்றால், வயரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின்தடை. அது இம்பீடன்ஸைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 3 முதல் 3.8 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர் என்றும், 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

என் ரிசீவரில் "6 முதல் 16 ஓம்" என்று எழுதியிருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்கலாமா?

மிதமான ஒலியில் கேட்பவருக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனால் உரத்த ஒலியில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறிப் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும் வாய்ப்பு உண்டு. உற்பத்தியாளர் கொடுத்த வரம்புக்கு வெளியே பயன்படுத்தியதாகிவிடுவதால் உத்தரவாதத்துக்கும் அது நல்லதல்ல. புதிதாக வாங்கும் நிலையில் இருந்தால், 4 ஓமில் எத்தனை வாட் என்று விவரக்குறிப்பில் வெளிப்படையாக எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுங்கள். 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 170 அல்லது 180 வாட் என்று இருந்தால் அதன் மின்வழங்கி வலுவானது. 4 ஓமுக்கான எண்ணே கொடுக்கப்படவில்லை என்றால், அதைச் சொல்லுவதில் தயாரிப்பாளருக்கே தயக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

ரிசீவர் மெனுவில் 8 ஓம், 4 ஓம் என்று தேர்வு இருக்கிறதே, அதை மாற்ற வேண்டுமா?

அந்தத் தேர்வு பெரும்பாலான ரிசீவர்களில் உள்ளே இருக்கும் வோல்ட்டேஜைக் குறைத்து, அதன்வழி சூட்டைக் குறைக்கிறது. ஸ்பீக்கருக்கு ஏற்றபடி ஆம்ப்ளிஃபயர் எதையும் பொருத்திக்கொள்வதில்லை. கிடைக்கக்கூடிய உச்சத் திறன் குறைகிறது, அவ்வளவுதான். காற்றோட்டம் நன்றாக இருந்து, ரிசீவர் அளவுக்கு மீறிச் சூடாகாத வரை உயர்ந்த ஓம் நிலையிலேயே விட்டுவைப்பது ஒலிக்கு நல்லது. சூடு தாங்காமல் அணைகிறது என்றால் மட்டும் குறைத்துப் பாருங்கள்.

உணர்திறன் என்றால் என்ன? அதை ஏன் வாட்டைவிட முக்கியம் என்கிறார்கள்?

சென்சிட்டிவிட்டி எனப்படும் உணர்திறன், ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் 84 முதல் 87 வரையும், தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர்கள் 88 முதல் 92 வரையும், ஹார்ன் வகைகள் 95க்கு மேலும் இருப்பது வழக்கம்.

இதன் வலிமை டெசிபல் கணக்கில் இருக்கிறது. ஒலியை 3 டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும்; 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றுவது இந்த 10 டெசிபல் உயர்வுதான். ஆக 84 டெசிபல் ஸ்பீக்கரை 200 வாட்டில் ஓட்டி எட்டும் உரப்பை 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே எட்டிவிடும். உணர்திறன் மிக்க ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பவர் ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமமான பலனைப் பெற்றுவிடுகிறார்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பல விவரக்குறிப்புகளில் "1 வாட்" என்பதற்குப் பதிலாக "2.83 வோல்ட்" என்று இருக்கும். 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓமிலோ அது 2 வாட். எனவே 2.83 வோல்ட்டில் 90 டெசிபல் என்று அறிவிக்கப்பட்ட 4 ஓம் ஸ்பீக்கர், 1 வாட் கணக்கில் 87 டெசிபல்தான். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இந்த 3 டெசிபல் கழிவை மறக்க வேண்டாம்.

சரி, என் அறைக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை?

திரையரங்கு ஒலியின் அளவுகோலிலிருந்து தொடங்கலாம். அதன்படி சேனல் ஒன்றுக்குச் சராசரி 85 டெசிபல், உச்சம் 105 டெசிபல்; தாழ்வொலிக்கான எல்எஃப்இ தடத்துக்கு மட்டும் உச்சம் 115 டெசிபல். சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள 20 டெசிபல் என்பது வாட் கணக்கில் 100 மடங்கு. படத்தின் பெரும்பகுதி ஒன்றிரண்டு வாட்டில் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கதவு அறைந்து சாத்தப்படும் கணத்தில் நூற்றுக்கணக்கான வாட் தேவைப்படுவது இதனால்தான்.

87 டெசிபல் ஸ்பீக்கர், 3 மீட்டர் தொலைவில் இருக்கை என்று கொள்வோம். திறந்தவெளியில் 3 மீட்டருக்கு 9.5 டெசிபல் இழப்பு ஏற்படும்; மூடிய அறையில் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலியும் சேர்வதால் இழப்பு குறையும். கணக்குக்காக 7 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 1 வாட்டில் உங்கள் இருக்கைக்கு 80 டெசிபல் வந்து சேரும். 10 வாட்டில் 90, 100 வாட்டில் 100, 200 வாட்டில் 103. முழுத் திரையரங்கு அளவான 105 டெசிபலை எட்ட ஏறத்தாழ 316 வாட் தேவை.

இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். வீட்டில் அந்த அளவில் படம் பார்ப்பவர்கள் மிகச் சிலர்; சிறிய அறையில் அது காதுக்கு அளவுக்கு மிஞ்சியதாகவே தோன்றும். பெரும்பாலோர் அதைவிட 10 முதல் 20 டெசிபல் குறைத்தே பார்க்கிறார்கள். 10 டெசிபல் குறைத்தால் உச்சம் 95 டெசிபல். அதற்கு 32 வாட் போதும். அதே இருக்கையில் 90 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 16 வாட்டே போதுமானது. 84 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 63 வாட். கிடைத்த விடையை இரண்டால் பெருக்கிக் கையிருப்பாக வைத்துக்கொண்டால், உங்களுக்கான ஆம்ப்ளிஃபயரின் அளவு கிடைத்துவிடும். நடுத்தர அறையில் நடுத்தர உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர்களுக்குச் சேனலுக்கு உண்மையான 60 முதல் 100 வாட் போதும் என்று சொல்வதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான். 5 மீட்டர் தொலைவில் உட்கார்ந்து, 84 டெசிபல் ஸ்பீக்கரில், திரையரங்கு உரப்பை விரும்புபவருக்கு எந்த ரிசீவரும் போதாது. அவர் மாற்ற வேண்டியது ஸ்பீக்கரை.

80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

1 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டாலும் உணர்வது அரிது. அந்த 20 வாட்டுக்காக விலை உயர்ந்த மாடலுக்குத் தாவ வேண்டியதில்லை. மேல் மாடலில் 4 ஓம் தாங்கும் வலு, ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் அனுப்பும் இணைப்பு), சிறந்த அறைத்திருத்தம் ஆகியவை இருந்தால் அவற்றுக்காகத் தாவலாம்.

விளம்பரத்தில் சொல்லும் வாட் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

எண்ணோடு சேர்த்து அது அளக்கப்பட்ட நிலைமையைப் படித்தால்தான் நம்பலாம். சேனல்கள் எத்தனை ஒருசேர இயங்கின, எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் பரப்பில், எத்தனை விழுக்காடு ஒலிச் சிதைவில் (டிஸ்டார்ஷன்) என்ற நான்கும் தெரிய வேண்டும். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 விழுக்காடு சிதைவு, ஒரு சேனல் மட்டும்" என்ற நிலைமையில் 150 வாட் என்று வரும் ரிசீவர், "8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 0.1 விழுக்காட்டுக்குக் கீழான சிதைவு, இரண்டு சேனல்கள்" என்ற நிலைமையில் 80 வாட்டை ஒட்டி நிற்பது வழக்கமாகக் காணும் ஒன்று. இரண்டும் ஒரே பெட்டியைப் பற்றிய எண்கள். 10 விழுக்காடு சிதைவு என்பது எந்தக் காதுக்கும் கரகரவென்று கேட்கக்கூடியது.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2024இல் அதைத் திருத்தி, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 விழுக்காட்டுக்குக் குறைவான சிதைவில் அளக்க வேண்டும் என்று நிலைமைகளை வரையறுத்தது. பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் வரும் எண்ணுக்கு எந்தத் தரவிதியும் கிடையாது. அதை முற்றிலும் புறக்கணித்துவிடுங்கள்.

இரண்டு சேனல்கள் இயங்கும்போது 100 வாட் கொடுக்கும் ஏழு சேனல் ரிசீவர், ஏழும் ஒருசேர இயங்கும்போது 700 வாட் கொடுத்துவிடாது. எல்லாச் சேனல்களுக்கும் ஒரே மின்வழங்கி என்பதால், பல ரிசீவர்களில் சேனலுக்குக் கிடைப்பது பாதியை ஒட்டி இறங்குவதுண்டு. படங்களில் எல்லாச் சேனல்களும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது என்பதால் இது அஞ்சத்தக்க குறை அல்ல. ஆனால் இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது எடையைப் பாருங்கள். கிளாஸ் ஏபி என்னும் வழக்கமான வகை ஆம்ப்ளிஃபயரில் எடையின் பெரும்பகுதி டிரான்ஸ்பார்மரும் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடுகளும்தான். ஒரே வாட்டை அறிவிக்கும் இரண்டு பெட்டிகளுள் ஒன்று 8 கிலோவும் மற்றொன்று 13 கிலோவும் இருந்தால், கனமானது பொய் சொல்லும் வாய்ப்பு குறைவு.

ஸ்பீக்கர் 100 வாட் தாங்கும் என்கிறது. 150 வாட் ஆம்ப்ளிஃபயர் அதை எரித்துவிடுமா?

ஆம்ப்ளிஃபயரின் வாட் என்பது அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் அளவு அல்ல. கைப்பிடி உங்கள் கையில் இருக்கிறது. அளவோடு கேட்பவருக்கு 150 வாட் ஆம்ப்ளிஃபயர் 100 வாட் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பானதே.

ஆபத்து பலருக்கும் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. 40 வாட் ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு அப்பால் திருகினால், அலையின் மேலும் கீழும் கத்தரித்ததுபோல் தட்டையாகிவிடும். இதை கிளிப்பிங் என்கிறார்கள். முற்றிலும் தட்டையாகிய அலையின் திறன், முழுமையான சைன் அலையின் திறனைப்போல் இருமடங்கு. அதோடு மூல ஒலியில் இல்லாத உயர் அதிர்வெண்களும் அதில் பிறந்துவிடுகின்றன. அதிர்வெண்களைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் சுற்று அவற்றை நேராக, உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு அனுப்பும். சில வாட் சராசரித் திறனை மட்டுமே நீண்ட நேரம் தாங்கக்கூடிய ட்வீட்டரின் மெல்லிய சுருள் அந்தச் சூட்டில் அறுந்துவிடும். பாஸ் நன்றாக வந்துகொண்டிருக்க, 's' போன்ற சீறொலிகள் மட்டும் மறைந்துபோன ஸ்பீக்கர்களுள் பல இப்படிக் கெட்டவை. உரத்த காட்சிகளில் ஒலி கரடாகி, கைப்பிடியைத் திருகினாலும் உரப்பு ஏறாமல் எரிச்சல் மட்டும் ஏறினால், உடனே குறைத்துவிடுங்கள்.

சப்வூஃபர் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் வேலை குறையுமா?

மிகவும் குறையும். தனக்கென ஆம்ப்ளிஃபயர் கொண்ட ஆக்டிவ் சப்வூஃபரை இணைத்து, மற்ற ஸ்பீக்கர்கள் அனைத்தையும் மெனுவில் "ஸ்மால்" என்று அமைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால், அதிக மின்னோட்டத்தை இழுக்கும் ஆழ்ந்த பாஸ் முழுவதும் ரிசீவரின் தோளிலிருந்து இறங்கிவிடும். "ஸ்மால்" என்ற சொல் ஸ்பீக்கரின் உருவத்தைக் குறிப்பதல்ல. பாஸை சப்வூஃபருக்குத் திருப்பிவிடு என்ற கட்டளை அது. பெரிய டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கௌரவக் குறைவாக எண்ணி "லார்ஜ்" என்றே விட்டுவிடுகிறார்கள். இது ரிசீவரை வீணாக வருத்துவதாகும். புதிய ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிட எண்ணும் தொகையில் நல்ல சப்வூஃபர் வாங்கினால், பல அமைப்புகளில் ஆம்ப்ளிஃபயர் போதாமை என்று தோன்றியதே மறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை சேனல் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும்?

5.1 என்றால் ஐந்து. புள்ளிக்குப் பின் வரும் 1 சப்வூஃபரைக் குறிப்பதால் அதற்கு ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. 2014இல் வீடுகளுக்கு வந்த டால்பி அட்மாஸ் முறையில் மூன்றாவதாக ஓர் எண் சேர்ந்தது. அது மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. 5.1.2க்கு ஏழு, 5.1.4க்கு ஒன்பது, 7.1.4க்குப் பதினொரு சேனல்கள் வேண்டும். இருக்கை பின்சுவரை ஒட்டியிருக்கும் அறையில் பின் சரவுண்டுக்கு (7.1இல் கூடுதலாக வரும் பின்புற ஸ்பீக்கர்களுக்கு) இடமே இல்லை, அங்கே 7.1ஐவிட 5.1.2 பொருத்தமானது. பல மலிவான ஸ்பீக்கர்களைவிடச் சென்டர் ஸ்பீக்கர் உட்பட முன்புற மூன்றும் நன்றாக அமைந்த 5.1 மேலானது, ஏனெனில் வசனத்தின் பெரும்பகுதி சென்டரிலிருந்துதான் வருகிறது.

தனிப் பவர் ஆம்ப்ளிஃபயர் எப்போது தேவைப்படும்?

முன்புற ஸ்பீக்கர்கள் 4 ஓமாகவோ உணர்திறன் குறைந்தவையாகவோ இருந்து, அறையும் பெரிதாக இருந்தால் தேவைப்படும். முன்புற இரண்டையோ மூன்றையோ வெளி ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றினால், ரிசீவரின் மின்வழங்கி மீதிச் சேனல்களுக்கு மட்டும் உழைக்கும். அதற்கு ரிசீவரில் ப்ரீ-அவுட் இணைப்பு இருந்தாக வேண்டும். இன்று தேவையில்லை என்றாலும் ப்ரீ-அவுட் உள்ள ரிசீவரை வாங்கிவைப்பது நாளைக்கு உதவும்.

வெளி ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனை எட்ட எத்தனை வோல்ட் உள்ளீடு கேட்கிறது என்பதையும் பாருங்கள். பல ரிசீவர்களின் ப்ரீ-அவுட் 1 முதல் 2 வோல்ட் வரைதான் தூய்மையாகக் கொடுக்கும். அதற்குமேல் கேட்கும் ஆம்ப்ளிஃபயரை இணைத்தால், ஆம்ப்ளிஃபயரில் வலு மீதமிருக்கும்போதே ரிசீவர் சிதைக்கத் தொடங்கிவிடும்.

கிளாஸ் டி என்னும் ஸ்விட்சிங் வகை ஆம்ப்ளிஃபயர் ஒலித்தரத்தில் தாழ்ந்ததா?

முற்காலத்தில் அப்படி ஒரு குறை உண்மையாக இருந்தது. இன்று ஹைபெக்ஸ், ப்யூரிஃபை, ஐஸ்பவர் போன்ற நிறுவனங்களின் மாட்யூல்களைக் கொண்ட ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. கிளாஸ் டி வாங்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டை ஒட்டி ஒலிக்கான திறனாக மாற்றிவிடுவதால் சூடு குறைவு, எடை குறைவு. எடையைக் கொண்டு வலுவை மதிப்பிடலாம் என்று மேலே சொன்னது இந்த வகைக்குப் பொருந்தாது.

ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கர்களை இணைக்கலாமா?

பக்க இணைப்பில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் 4 ஓமாகவும், இரண்டு 6 ஓம் ஸ்பீக்கர்கள் 3 ஓமாகவும் ஆகிவிடும். என் நண்பர் ஒருவர் வீட்டில் இதன் விளைவை நேரில் கண்டேன். வசனக் காட்சிகள் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. சண்டைக் காட்சி தொடங்கிச் சில நிமிடங்களில் "டிக்" என்று ரிலே விழும் ஓசையுடன் ரிசீவர் அணைந்துவிடும். மேல்மூடியில் உள்ளங்கையை வைக்க முடியாத சூடு. ரிசீவர் பழுது என்றே முடிவுசெய்து புதிது வாங்கத் தயாராக இருந்தார். பின்புறத்தைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தபோது, சரவுண்ட் முனைகள் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வயர்கள் முறுக்கிச் செருகப்பட்டிருந்தன. நான்கும் 6 ஓம் ஸ்பீக்கர்கள். ஒரு சோடியைக் காலியாக இருந்த பின் சரவுண்ட் முனைகளுக்கு மாற்றினோம். அதன் பிறகு அந்த ரிசீவர் அணையவே இல்லை.

ஒரே பெட்டியாக வந்த ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்களைப் புதிய ரிசீவரில் பயன்படுத்தலாமா?

ஓம் அளவைப் பார்க்காமல் செய்யாதீர்கள். அத்தகைய செட்டுகளில் 3 ஓம் ஸ்பீக்கர்கள் வருவது சாதாரணம். சப்வூஃபரும் பல செட்டுகளில் தனக்கென ஆம்ப்ளிஃபயர் இல்லாத பாஸிவ் வகை. அதை ரிசீவரின் சப்வூஃபர் முனையில் நேராக இணைத்தால் ஒலியே வராது.

வயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

போகவும் வரவும் சேர்த்து வயரின் மின்தடை, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். 10 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஏறத்தாழ 0.23 ஓம் காட்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம், 4 ஓமுக்குச் சற்று மிகை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.14 ஓமாகக் குறைந்துவிடும். செம்பாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். செம்புப் பூச்சிட்ட அலுமினிய வயர் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் தடை அதிகம். இதற்குமேல் விலையுயர்ந்த "ஆடியோஃபைல்" வயர்கள் தேவையில்லை.

அறைத்திருத்த வசதிகள் ஆம்ப்ளிஃபயர் தேர்வைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஆடிஸி, டிராக் லைவ் போன்றவை அறையின் ஒலிக்குழிகளை (சில அதிர்வெண்கள் மட்டும் மெலிந்து கேட்கும் இடங்களை) நிரப்பக் குறிப்பிட்ட அதிர்வெண்களை உயர்த்துகின்றன. 6 டெசிபல் உயர்த்தினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் தேவை. மேலே சொன்ன இருமடங்குக் கையிருப்பு கரைவது பெரும்பாலும் இங்கேதான். குழியை நிரப்புவதைவிட, ஸ்பீக்கரையோ இருக்கையையோ அரை மீட்டர் நகர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு அளப்பது நல்லது.

புதிய ஆம்ப்ளிஃபயரை முதன்முறை இணைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மின்பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வயர் முனையில் பிரிந்து நிற்கும் ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். எனவே இழைகளை இறுக முறுக்கி, முடிந்தால் பனானா பிளக்கில் பொருத்துங்கள். பெட்டிக்கு மேலே ஒரு சாண் அளவாவது இடம் விடுங்கள். செட்டாப் பாக்ஸையோ துணியையோ அதன்மேல் வைக்காதீர்கள்.

சிவப்பு, கறுப்பு முனைகள் எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பாஸ் மெலிந்து, நடுவில் கேட்க வேண்டிய ஒலி இடம் தெரியாமல் சிதறும். சுவருக்குள் போய்விட்ட வயரில் எது எது என்று தெரியாவிட்டால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளை முழுமையாகக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் நேர்முனை தொட்ட வயர் ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகிறது என்றால், பாஸ் கூம்பு முன்னோக்கி நகரும். உள்ளே இழுத்துக்கொண்டால் வயர் மாறியிருக்கிறது. மூடியுள்ள துணியை எடுத்துவிட்டு, ஒருவர் கூம்பைப் பார்க்க மற்றொருவர் பேட்டரியைத் தொட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லா ஸ்பீக்கர்களையும் பார்த்துவிடலாம். பிறகு முனைகளை இறுக்கி, ஒலி அளவை அடிமட்டத்தில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை இயக்குங்கள்.